வகுத்தால் திரும்பும் வண்ணம்

எதுவும் வரையாத வெள்ளைத் தாள் ஒன்றை ஸ்கேனரில் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். திரையில் அது வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். அந்தக் கோப்பை ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ திறந்து, கான்ட்ராஸ்டை முடிந்தவரை ஏற்றிப் பாருங்கள். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு நிலப்பரப்பே எழுந்து வரும். ஒரு ஓரம் மங்கியிருக்கும், நடுப்பகுதி வெளுத்திருக்கும், நெடுக மெல்லிய கோடுகள் ஓடும், தாள் சற்றே தூக்கி நின்ற மூலையில் சாம்பல் படர்ந்திருக்கும். கையிலுள்ள தாளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இவற்றில் ஒன்றுகூடத் தென்படாது.

கடிதத்தையோ சான்றிதழையோ ஸ்கேன் செய்பவருக்கு இதனால் நஷ்டம் இல்லை. கறுப்பு எழுத்து கறுப்பாக வந்தால் போதும். நீர்வண்ண ஓவியருக்குத்தான் இது பெரிய தொல்லை. கோபுரம் ஒன்று, அதற்குப் பின்னால் நிறையத் தண்ணீரில் கரைத்த நீலத்தில் ஒரு விடியல் வானம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வானத்தின் அழகெல்லாம் தாளின் வெண்மைக்கும் மிக மெலிந்த நீலத்துக்கும் நடுவிலுள்ள சின்ன வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஸ்கேனர் சேர்க்கும் பிழையும் ஏறக்குறைய அதே அளவு சின்னது. இரண்டும் கலந்ததும் வானம் திட்டுத்திட்டாகிறது. ஓவியம் ஏ3 அளவிலும் ஸ்கேனர் ஏ4 அளவிலும் இருந்துவிட்டால் இன்னும் மோசம். இரண்டு பாதிகளாக ஸ்கேன் செய்து ஒட்டும்போது, ஒரு பாதியின் மங்கிய ஓரம் இன்னொரு பாதியின் வெளுத்த பகுதியோடு போய்ச் சேரும். வானத்தின் குறுக்கே தையல் போட்டது போல ஒரு கோடு விழும்.

இப்போது விற்கும் மெல்லிய ஸ்கேனர்கள் பலவற்றில் சிவப்பு, பச்சை, நீல எல்.இ.டி. விளக்குகள் மாறி மாறி எரிகின்றன. தாளின் அகலத்துக்கு நீண்ட ஒரு சென்சார் பட்டை, கண்ணாடியை ஒட்டியபடியே நகர்ந்து, திரும்பி வரும் ஒளியை வரிவரியாக அளக்கிறது. கொஞ்சம் பருமனான இன்னொரு வகையில் வெள்ளை விளக்கும் சில ஆடிகளும் ஒரு லென்ஸும் உண்டு. லென்ஸுக்குப் பின்னால் சிறிய சிசிடி சென்சார் இருக்கும். மெல்லிய வகைக்குக் கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டுமே தெளிவாகத் தெரியும். ஈரம் பட்டு நெளிந்த நீர்வண்ணத் தாள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலே அந்த இடம் கலங்கி இருண்டுவிடும். சிசிடி வகை அந்த நெளிவை ஓரளவு சமாளிக்கும். ஓவியத்துக்கென்று ஸ்கேனர் வாங்குகிறவர் கனம் குறைந்ததைப் பார்த்து மயங்காமல் இருப்பது நல்லது.

தன் குறையைத் தானே சரிசெய்துகொள்ளவும் ஸ்கேனரில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கண்ணாடியின் விளிம்புக்கு உட்புறத்தில், நம் கண்ணில் படாத இடத்தில், ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டியிருக்கும். வேலையைத் தொடங்குமுன் சென்சார் முதலில் அதைப் பார்க்கிறது. சென்சாரின் எந்தப் புள்ளி குறைவாக அளக்கிறது, எது கூடுதலாக அளக்கிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு வரும் ஒவ்வொரு வரியையும் அந்தக் கணக்கில் திருத்துகிறது. ஆனால் இந்தத் திருத்தம் அகலவாட்டில் மட்டும்தான். தாளின் நீளத்தைக் கடக்கும் நேரத்தில் விளக்கின் ஒளி மாறினால், அதைப் பிடிக்க அங்கே வேறு வெள்ளைப் பட்டை எதுவும் இல்லை. பழைய குழல் விளக்கு ஸ்கேனர்கள் சூடேறும்வரை இப்படித்தான் மேலிருந்து கீழாக நிறம் மாற்றிக் காட்டும். அந்தப் பட்டையின் மேலேயே ஒரு தூசு உட்கார்ந்துவிட்டால், ஸ்கேனர் தூசுக்கும் சேர்த்துத் திருத்தம் செய்துவிடும். முதலில் சொன்ன நெடுங்கோடுகள் பல இப்படிப் பிறந்தவைதான்.

இனி இந்த விஷயத்தின் மையத்துக்கு வருவோம். சென்சார் ஒரு புள்ளியில் அளப்பது வண்ணத்தை அன்று. விளக்கு அந்த இடத்தில் எவ்வளவு ஒளியைப் போட்டது, அங்குள்ள வண்ணம் அதில் எவ்வளவு பங்கைத் திருப்பி அனுப்பியது, இந்த இரண்டையும் பெருக்கினால் வரும் ஒற்றை எண்தான் அதற்குக் கிடைக்கிறது. 72 என்று ஓர் எண்ணைக் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கி இது வந்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? 8-ம் 9-மா, 6-ம் 12-மா? எண்ணைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பிக்சலும் இப்படி ஒரு புதிர். மங்கிய ஒளியில் கிடக்கும் வெள்ளைத் தாளும், நல்ல ஒளியில் கிடக்கும் சாம்பல் தாளும் சென்சாருக்கு ஒரே எண்ணைத் தரலாம்.

நம் கண்ணும் மூளையும் இந்தப் புதிரை நாள் முழுக்க அவிழ்த்துக்கொண்டே இருக்கின்றன, நமக்குத் தெரியாமலேயே. வெயிலில் படித்த புத்தகத்தைத் திண்ணை நிழலுக்குக் கொண்டுபோனால் தாளிலிருந்து வரும் ஒளி பல மடங்கு குறைந்துவிடும். ஆனாலும் தாள் சாம்பலாகிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. போலராய்ட் கேமராவை உருவாக்கிய எட்வின் லேண்ட் இந்தத் திறனை ஆராயப் பல ஆண்டுகள் செலவிட்டார். பலநிறத் தாள்களை வெட்டி ஒட்டிய ஒரு பெரிய பலகைமேல், சிவப்பு, பச்சை, நீல ஒளியை வீசும் மூன்று புரொஜெக்டர்களைத் திருப்பினார். ஒரு நிறத் தாளிலிருந்து வரும் ஒளியை அளந்துகொண்டு, பிறகு வேறொரு நிறத் தாளிலிருந்து அச்சு அசலாக அதே அளவு ஒளி வரும்படி மூன்றையும் கூட்டிக் குறைத்தார். கருவியின் அளவுகள் ஒன்றாகிவிட்டன. பார்த்தவர்களுக்கோ அந்தத் தாள் தன் பழைய நிறத்திலேயே தெரிந்தது. ஒரு புள்ளியின் நிறத்தைக் கண் அந்தப் புள்ளியை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, சுற்றியிருப்பவற்றோடு ஒப்பிட்டே முடிவு செய்கிறது என்று லேண்ட் வாதிட்டார். ஜான் மெக்கானுடன் சேர்ந்து 1971-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையின் அடிப்படைகளில் ஒன்று. ஸ்கேனருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அதன் கோப்பில் விளக்கும் வண்ணமும் பிரியாமல் கலந்தே கிடக்கின்றன.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது? பெருக்கிக் கெட்டதை வகுத்துத்தான் சரிசெய்ய முடியும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாள் தன்மேல் விழும் ஒளியில் 0.90 பங்கைத் திருப்பி அனுப்புகிறது, வானத்து நீலம் 0.50 பங்கை அனுப்புகிறது. இடது பக்கம் ஒளி முழுதாக, அதாவது 1.0 அளவு விழுகிறது. வலது பக்கம் 0.8 அளவே விழுகிறது. இடதில் தாள் 0.90, நீலம் 0.50 என்று பதிவாகும். வலதில் தாள் 0.72, நீலம் 0.40. வலது பக்கம் மங்கிவிட்டதே என்று பிரைட்னஸை 0.18 கூட்டினால் தாள் சரியாக 0.90-க்கு வந்துவிடும், ஆனால் நீலம் 0.58 ஆகித் தன் இடத்தைத் தாண்டி வெளுத்துப்போகும். கூட்டுவதற்குப் பதிலாக வலது பக்கத்து எண்களையெல்லாம் 0.8-ஆல் வகுத்துப் பாருங்கள். தாள் 0.90, நீலம் 0.50. இரண்டும் ஒரே சமயத்தில் வீடு வந்து சேர்கின்றன. தாளைச் சரிசெய்தால் வண்ணம் கெடுகிறது, வண்ணத்தைச் சரிசெய்தால் தாள் கெடுகிறது என்று பலர் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் சிக்கிக்கொண்டதால்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆச்சரியம் இருக்கிறது. கோப்பில் பதிவாகும் எண் ஒளியின் அளவே அன்று; ஒரு வளைகோட்டின் வழியாக மாற்றி எழுதப்பட்ட எண் அது. எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான முறையில், பாதி ஒளி என்பது 255-இல் பாதியான 128 ஆக எழுதப்படுவதில்லை. 188 என்று எழுதப்படுகிறது. இவ்வளவு வளைத்த பிறகு நம் வகுத்தல் கணக்கு உடைந்துபோக வேண்டுமல்லவா? உடைவதில்லை. இரண்டு எண்களைப் பெருக்கிவிட்டு வர்க்கமூலம் எடுத்தாலும், தனித்தனியாக வர்க்கமூலம் எடுத்துவிட்டுப் பெருக்கினாலும் விடை ஒன்றே. எஸ்ஆர்ஜிபி வளைவும் கிட்டத்தட்ட அப்படிப்பட்ட அடுக்குக் கணக்குதான். அதனால் மிக இருண்ட பகுதிகளில் வரும் சிறு பிசகைத் தவிர, வகுத்தல் அந்த வளைவைத் தாண்டியும் நிற்கிறது.

சரி, எந்த எண்ணால் வகுப்பது? விளக்கு எங்கே எவ்வளவு விழுந்தது என்பதை எப்படி அறிவது? வானியலாளர்கள் தொலைநோக்கிப் படங்களுக்குச் செய்வதையே இங்கும் செய்யலாம். சீரான ஒளியுள்ள வெற்றுப் பரப்பு ஒன்றைப் படமெடுத்து, நட்சத்திரப் படத்தை அதனால் வகுப்பது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். நமக்கு அந்த வெற்றுப் பரப்பு, ஓவியம் வரைந்த அதே பேடிலுள்ள இன்னொரு வெள்ளைத் தாள். ஓவியத்தை ஸ்கேன் செய்த கையோடு, அதே இடத்தில், அதே அமைப்புகளில், அந்தத் தாளையும் ஸ்கேன் செய்துவிட வேண்டும். ஸ்கேனர் மென்பொருளில் தானாகத் திருத்தும் வசதிகள் எத்தனை உண்டோ அத்தனையையும் முன்கூட்டியே அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வெளுப்பை ஏற்றும். மெல்லிய வானம் தாளோடு தாளாகக் கரைந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. கோப்பை 16 பிட் டிஃப் ஆகச் சேமியுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 16 பிட்டில் 65,536. ஜேபெக் கோப்பு 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்கப்பட்டது. மெல்லிய வாஷை, அதாவது நிறையத் தண்ணீரில் கரைத்த வண்ணப் பூச்சை, இழுத்துத் திருத்தும்போது அந்தக் கட்டங்கள் வானத்தில் ஓடு பதித்தது போல் மேலே வரும்.

அடுத்து, வெற்றுத் தாளின் ஸ்கேனை ஓவியத்துக்கு மேல் ஒரு லேயராக வைக்க வேண்டும். முதலில் அதைப் பிளர் செய்து மழுக்குவது அவசியம், இல்லையென்றால் அந்தத் தாளின் சொரசொரப்பு நம் ஓவியத்தின் மேல் பதிந்துவிடும். சாதாரண காஸியன் பிளர் எல்லாப் பக்கமும் மழுக்கும், கூடவே நெடுங்கோடுகளையும் அழித்துவிடும். கோடுகள் தொல்லையாக இருந்தால் சென்சார் நகரும் திசையில் மட்டும் மழுக்கும் மோஷன் பிளர் நல்லது. கோடு கோடாகவே நிற்கும், வகுக்கும்போது ஓவியத்திலுள்ள கோட்டோடு சேர்ந்து காணாமல் போகும். பிறகு அந்த லேயரின் முறையை டிவைடு என்று மாற்ற வேண்டும். கிம்ப்பில் இது வெகுகாலமாக இருக்கிறது, ஃபோட்டோஷாப்பில் 2010-இல் வந்த சிஎஸ்5 பதிப்பில் சேர்ந்தது. மாற்றிய நொடியில் ஓரத்து மங்கல் விலகிவிடும். தாள் தன்னைத் தானே வகுத்துக்கொண்டதால் பளீரென்ற முழு வெள்ளையாகிவிடும். தாளுக்கே உரிய இளமஞ்சள் வேண்டுமென்றால், அந்த நிறத்தை நிரப்பிய ஒரு லேயரை மல்டிப்ளை முறையில் மேலே போட்டால் அது திரும்பிவிடும். ஏ3 ஓவியத்தின் இரண்டு பாதிகளையும் இப்படித் தனித்தனியாக வகுத்த பிறகு ஒட்டிப் பாருங்கள். அந்தத் தையல் பெரும்பாலும் தெரியாது.

அருங்காட்சியகங்களில் இதே பிரச்சினை பெரிய உருவில் நிற்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், 1642-இல் ரெம்பிராண்ட் முடித்த 'இரவுக் காவல்' ஓவியத்தின் 717 கிகாபிக்சல் படத்தை 2022-இல் வெளியிட்டது. அது 8,439 தனிப்படங்களைச் சேர்த்துத் தைத்தது. ஒரு பிக்சல் ஓவியத்தில் 5 மைக்ரோமீட்டர் இடத்தைக் காட்டுகிறது. ஒவ்வொரு தனிப்படமும் அக்கம்பக்கத்துப் படங்களோடு நிறத்தில் பொருந்த வேண்டும், இல்லையென்றால் ரெம்பிராண்டின் இருட்டு முழுக்கச் சதுரம் சதுரமாகப் பிரிந்துவிடும். அதற்கும் முன்பே, 1989-இல் தொடங்கிய வசாரி என்ற ஐரோப்பியத் திட்டத்தில் லண்டன் நேஷனல் கேலரி ஓவியங்களை ஏழு நிற வடிகட்டிகள் வழியாகப் பதிவுசெய்யத் தொடங்கியது. காலப்போக்கில் வண்ணம் எவ்வளவு மாறுகிறது என்று அளப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இன்று எடுத்த எண்ணும் பல ஆண்டுகள் கழித்து எடுக்கும் எண்ணும் ஒப்பிடத் தக்கவையாக இருக்க வேண்டுமானால், விளக்கின் பங்கை எண்ணிலிருந்து முற்றாகப் பிரித்தாக வேண்டும். அந்தத் திட்டத்துக்காக எழுதிய விப்ஸ் மென்பொருள், இணையத்தில் படங்களைச் சிறிதாக்கும் வேலையை இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறது.

வெற்றுத் தாளை ஸ்கேன் செய்யாமலே ஓவியத்தைக் கொடுத்துவிட்டால்? பழைய கோப்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்றால்? அப்போது மென்பொருள் ஊகிக்கிறது. ஒளி மெதுவாக மாறும், வண்ணம் சட்டென்று மாறும் என்பதே அந்த ஊகம். லேண்டின் கொள்கையிலும் இதுதான் அடித்தளம். எம்ஐடியைச் சேர்ந்த பெர்தோல்ட் ஹார்ன் 1974-இல் இதைக் கணினிக்கான கணக்காக எழுதினார். லேண்ட் தன் கொள்கைக்கு இட்ட ரெட்டினெக்ஸ் என்ற பெயரிலேயே கிம்ப்பில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. ஓவியத்தையே பெரிய அளவில் மழுக்கி, அந்த மழுங்கலால் ஓவியத்தை வகுக்கும் பிரபலமான உத்தியும் இந்த ஊகத்தின் மேல்தான் நிற்கிறது. அச்செழுத்துப் பக்கங்களுக்கும் கோட்டோவியங்களுக்கும் இது அருமையாக வேலை செய்யும்.

நீர்வண்ண வானத்துக்கு இதைச் செய்யவே கூடாது என்பேன். மேலே அடர்ந்த நீலம், அடிவானத்தை நெருங்க நெருங்கக் கரைந்து தாளோடு சேரும் வாஷ், ஓவியர் தூரிகையைச் சாய்த்துப் பிடித்து, தாளைச் சரித்து, காய்வதற்குள் செய்து முடித்த ஒன்று. மெதுவாக மாறுவதுதான் அதன் முழுத் திறமை. மென்பொருளுக்கோ மெதுவாக மாறுவதெல்லாம் விளக்கின் குறை. அது வானத்தை அடியோடு துடைத்துவிட்டு, சமமான வெளிர்ப்பரப்பு ஒன்றைத் திருப்பித் தரும். பார்க்கச் சுத்தமாக இருப்பதால் இழப்பு உடனே உறைக்காது. கோபுரத்தின் விளிம்பை ஒட்டி ஓர் ஒளிவட்டமும் முளைத்திருக்கும், மழுங்கலில் இருண்ட கோபுரமும் வெளிர்ந்த வானமும் கலந்துபோனதால்.

இதைவிட நல்ல வழி ஓவியத்திலேயே இருக்கிறது. பலர் தாளின் நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வரைகிறார்கள். டேப்பை உரித்ததும் வண்ணம் படாத வெள்ளை விளிம்பு மிஞ்சும். மேகத்துக்கும் சுவரின் வெயிலுக்கும் வண்ணமிடாமல் விட்ட இடங்கள் உள்ளே இருக்கும். தாள் எங்கெல்லாம் வெறுமையாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் கலர் பிக்கரால் தொட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, அந்த எண்களுக்கு இடையே வழுவழுப்பான ஒரு கிரேடியன்ட்டை அமைத்து, அதனால் வகுத்தால் போதும். வேலை கூடுதல்தான், ஆனால் ஒளியின் அளவு ஊகத்திலிருந்து வராமல் சாட்சியிலிருந்து வருகிறது.

இதுவரை பார்த்தவை விளக்கின் குறைகள். தாளின் மஞ்சளிப்பும் பழுப்புப் புள்ளிகளுமோ விளக்கு செய்தவை அல்ல. மரக்கூழில் உள்ள லிக்னின் காற்றும் ஒளியும் பட்டு மாறுவதால் மலிவான தாள் மஞ்சளாகிறது. மஞ்சள் என்பது நீல ஒளியை விழுங்குவது. அதனால் நீலச் சேனலைத் தனியாகத் திறந்தால் கறை முழுவதும் அங்கே தெளிவாகத் தெரியும், சிவப்புச் சேனலில் ஏறக்குறைய இருக்காது. ஆச்சரியம் என்னவென்றால், நீர்வண்ணத்துக்கு அடியில் இருக்கும் கறைக்கும் வகுத்தல் ஓரளவு பொருந்துகிறது. நீர்வண்ணம் ஒளி ஊடுருவக்கூடியது. ஒளி அதைக் கடந்து தாளைத் தொட்டு, மறுபடி அதைக் கடந்து வெளியே வருகிறது. தாளின் பங்கும் வண்ணத்தின் பங்கும் பெருக்கலாகவே சேர்கின்றன. போஸ்டர் கலர் அப்படி இல்லை. அது தாளை மூடி மறைத்துத் தன் நிறத்தை மட்டும் காட்டும். அடியில் கறை இருந்தாலும் மேலே அது இல்லை. அங்கே போய்க் கறையால் வகுத்தால் இல்லாத குறையைத் திருத்தி, புதிதாக ஒரு கறையை வரைந்துவிடுவோம். ஒரே படத்தில் இரண்டு வகை வண்ணமும் இருந்தால் மாஸ்க் போட்டுப் பிரித்தே வேலை செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெற்றுத் தாளாலும் முழுமையாகத் தீர்க்க முடியாதது. விளக்கின் ஒளி ஓவியத்தில் பட்டு, கீழே கருவியின் உட்புறத்தில் சிதறி, மறுபடி மேலே வந்து ஓவியத்தின் மேலேயே விழுகிறது. சிவப்புப் பட்டுச் சேலை கட்டியவரின் கன்னத்தில் சேலையின் செம்மை ஏறுவதுபோல, ஓவியத்தின் ஒரு பகுதி தன் பக்கத்துப் பகுதிக்குத் தானே விளக்காகிறது. வெள்ளை சூழ்ந்த அடர்நீலம் கொஞ்சம் வெளுத்துப் பதிவாகும். கறுப்பு சூழ்ந்த அதே அடர்நீலம் கொஞ்சம் ஆழமாகப் பதிவாகும். ஒரே தூரிகை, ஒரே வண்ணக்கலவை, ஒரே தாள், ஆனால் இரண்டு எண்கள். விழுந்த ஒளியே ஓவியத்தைப் பொறுத்து மாறுவதால், வெள்ளைத் தாள் வைத்து அளந்த ஒளி இங்கே முழுதாகப் பொருந்தாது. இந்த அளவுக்கு நுணுக்கம் தேவைப்பட்டால் ஸ்கேனரை விட்டுவிட்டு, இருண்ட அறையில் இரு பக்கமும் விளக்கு வைத்துக் கேமராவால் எடுப்பதே நல்லது.

தஞ்சாவூர் ஓவியத்துக்கும் அதுவே வழி. ஸ்கேனரில் ஒளி சாய்வாக விழ, சென்சார் நேராகப் பார்க்கிறது. கண்ணாடியின் பளபளப்பு சென்சாருக்குள் வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. தங்கத்தகடு ஒளியைச் சிதறவிடாமல் ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்பும் பரப்பு, எனவே பளபளப்போடு தங்கமும் விலகிப் போய்விடுகிறது. திரையில் மிஞ்சுவது மங்கிய பழுப்பு மட்டுமே. அந்த இடத்தில் வகுப்பதற்கு எண்ணே இல்லை.

எதைத் திருத்தினாலும் ஸ்கேனரிலிருந்து வந்த முதல் கோப்பின் மேல் சேமிக்காதீர்கள். திருத்தங்கள் தனித்தனி லேயர்களில் இருக்கட்டும். வெற்றுத் தாளின் ஸ்கேனையும் ஓவியத்தின் பெயரிலேயே, அதே ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். இன்னும் நல்ல மென்பொருள் வரும்போது, அன்றைக்கு விளக்கு எங்கே எப்படி விழுந்தது என்று சொல்ல அந்த ஒரு கோப்புதான் இருக்கும்.